மக்ரூன் டப்பாவில் ஒன்பது முடிச்சு

பினாங்கில் எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு வருடம் தங்கியிருந்த ஷைனி தூத்துக்குடிப் பெண். அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் சங்கேத எழுத்துகளின் பழைய கதைகளை எழுதிவருகிறேன். எழுதுவதோடு நின்றால் பரவாயில்லை, சாப்பாட்டு மேசையிலும் சொல்வேன். அடிமையின் தலையை மொட்டையடித்து, மண்டையில் செய்தியைப் பச்சை குத்தி, முடி வளரும்வரை காத்திருந்து அனுப்பிய கிரேக்கப் பிரபுவின் கதை வந்ததும் என் மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிப் பக்கம் போய்விடுவாள். ஷைனி மட்டும் எழுந்திருக்க மாட்டாள். மரியாதை தெரிந்த பெண். அதற்கான தண்டனையை இரண்டு வருடம் அனுபவித்தாள்.

ஊர் திரும்பி, கல்யாணமும் நிச்சயமான பிறகு ஒருநாள் போன் செய்தாள்.

"அங்கிள், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்திருவியளா? இங்க ஒண்ணு வந்திருக்கு. எழுத்து கிடையாது. ஆனா ஏதோ சொல்லுது. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

இத்தனை வருடத்தில் என்னிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. வட துருவத்திலிருந்து கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன். "நீங்க படிச்சுச் சொல்லி எது விளங்கியிருக்கு?" என்று கேட்டபடியே மனைவி என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

தூத்துக்குடியில் என்னை முதலில் வரவேற்றது வெயில். பினாங்கிலும் வெயில் உண்டு. ஆனால் அது மூன்று மணி வாக்கில் ஒரு மழையை அனுப்பி மன்னிப்புக் கேட்டுவிடும். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. மேலே இருந்து அடித்தது போதாதென்று உப்பளத்தில் பட்டுத் திரும்பி முகவாய்க்குக் கீழேயும் அடிக்கிறது.

இரண்டாவதாக வரவேற்றவர் ஆட்டோக்காரர் கித்தேரியான் அண்ணாச்சி. அறுபது வயதிருக்கும், பீப்பாய் மாதிரி நெஞ்சு. வழி நெடுக அவருக்கு ரோமானியத் தளபதியின் கதையைச் சொன்னேன்: கடிதத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக மூன்று எழுத்து தள்ளி எழுதுவாராம், எதிரி விழிப்பானாம். அண்ணாச்சி, "ஆமா சார், சரி சார்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். ஊரில் இறங்கிய பத்தாவது நிமிடமே ஒரு ரசிகர் கிடைத்த பெருமிதத்தில் இருந்தேன். இறங்கும்போதுதான் சொன்னார்: "சார், கோவிச்சுக்காதிய. எனக்கு இடது காது போயி இருவது வருசம் ஆச்சு. நீங்க அந்தப் பக்கமா உக்காந்து என்னவோ சொல்லிக்கிட்டே வந்தியளே, என்ன விசயம்?"

ஷைனியின் அம்மா பிலோமினாவுக்கு ஐம்பது வயது. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார். எனக்கு வாழையிலை விரித்து, சீலா மீன் குழம்பும் பொரித்த துண்டுகளுமாக வைத்துக்கொண்டே இருந்தார். பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் குழம்பு ஊற்றும்போது போதும் என்றால் நிறுத்துவார். இங்கே போதும் என்பது இன்னும் கொஞ்சம் ஊற்றுவதற்கான உத்தரவு. ஆனால் பரிமாறியவர் தன் வாயில் ஒரு பருக்கை போடவில்லை. "நாலு நாளா இப்படித்தான் அங்கிள்" என்று ஷைனி என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் அப்பா வின்சென்ட் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு அவர் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனாலும் சங்குக்கு இன்னும் ஆட்கள் இறங்குகிறார்கள். கடலுக்குள் போகிறவன் இடுப்பிலிருந்து ஒரு கயிறு மேலே படகுக்கு வரும். அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. வின்சென்டின் கயிற்றைப் பிடித்தவர் பிலோமினாவின் தம்பி சூசை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், கீழேயிருந்து வரவேண்டிய இழுப்பு வரவில்லை. நேரம் ஆகிறதே என்று சூசை தானாகவே கயிற்றைத் தூக்கினார். வின்சென்ட் வந்தார், மூச்சு வரவில்லை. இதயம் கீழேயே நின்றுவிட்டது, யார் என்ன செய்திருந்தாலும் முடிந்திருக்காது என்றார் டாக்டர்.

"அம்மா மாமாவ ஒரு வார்த்தை குத்தம் சொன்னதில்ல அங்கிள். மாமாதான் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிட்டு வேம்பாருக்குப் போயிட்டாரு. அங்கன உப்பளத்துல வேலை. போட்டுல காலே வைக்கிறதில்ல. அம்மா ரெண்டு தடவ தேடிப்போனா. இவ முன்வாசல்ல நிக்கா, அவரு பின்வாசல் வழியா போயிட்டாரு."

அப்பா இல்லாத பெண்ணைக் கல்யாணத்தன்று கைபிடித்துக் கோயில் பீடம்வரை கூட்டிப்போக வேண்டியவர் தாய்மாமன். பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார்கள். பதிலாக மீன் வியாபாரி ஒருவர் கையில், அந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனின் டப்பா ஒன்று வந்தது. பிலோமினா சந்தோஷமாகத் திறந்தார். உள்ளே மக்ரூன் இல்லை, ஒரு கயிறு.

அலமாரியிலிருந்து அதை எடுத்து என் மடியில் வைத்தார்கள். வெளிறிய பச்சை நைலான். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைப்போல இரண்டு மடங்கு. ஒரு முனை கத்தியால் வெட்டியது. நடுவில் முடிச்சுகள்: மூன்று, கொஞ்சம் இடைவெளி, மூன்று, இடைவெளி, மறுபடி மூன்று.

"இதுல படிக்க என்ன இருக்கு அண்ணாச்சி?" என்றார் பிலோமினா. "கயித்த வெட்டி அனுப்பிட்டான். ஒறவு அறுந்துபோச்சுன்னு சொல்லுதான்."

"அறுக்க நினைத்தவர் மெனக்கெட்டு முடிச்சு ஏன் போடவேண்டும்?" என்று கேட்டேன்.

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். ஆனால் அவர் சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் கணக்கு தப்பானால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். இங்கே ஒரு மனுஷி நாலு நாளாகச் சாப்பிடாமல் விடைக்காக உட்கார்ந்திருக்கிறார்.

"ஒண்ணு மட்டும் அண்ணாச்சி. ஊர்ல ஒரு ஈ காக்காய்க்கு இது தெரியக்கூடாது. கலியாண வீட்டுக்கு அறுத்த கயிறு வந்திருக்குன்னா என்னெல்லாம் பேசுவாவ."

ரகசியம் காப்பது என் துறை. சத்தியம் செய்தேன்.

மறுநாள் காலை கருப்பட்டிக் காபியோடு வேலையைத் தொடங்கினேன். அறைக்கதவைத் தாழிட்டு, மேசையில் கயிற்றை நீட்டிவைத்தேன். மேசை, அலமாரி, சாவி எல்லாமே இந்தக் கரைக்குக் கப்பலில் வந்த போர்த்துக்கீசியச் சொற்கள். எனக்கு அன்றைக்கு வேண்டியது அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான்.

முதலில் ஸ்பார்ட்டாக்காரர்களின் முறை. ஒரு கழியில் தோல்வாரைச் சுற்றி, அதன்மேல் நீளவாக்கில் எழுதுவார்கள். வாரை அவிழ்த்தால் எழுத்துகள் சிதறிவிடும். அதே பருமனுள்ள கழி வைத்திருப்பவன் மட்டுமே மறுபடி சுற்றிப் படிக்கலாம். சரியான பருமன் எது என்று தேடி, கயிற்றை அம்மிக்குழவியில் சுற்றினேன், குழாயில் சுற்றினேன், தையல் மிஷின் காலில் சுற்றினேன். கடைசியில் என் முழங்காலில் சுற்றி, அவிழ்க்க முடியாமல் ஷைனியைக் கூப்பிட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் அவிழ்த்துவிட்டுப் போனாள். சொன்னேனே, மரியாதை தெரிந்த பெண்.

அடுத்து பாக்தாத் முறை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே ஓர் அறிஞர் கண்டுபிடித்தது. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அபூர்வமாக வரும். மறைவெழுத்தில் எந்தக் குறி அதிகம் வருகிறதென்று எண்ணினால் குட்டு உடைந்துவிடும். உலகத்தின் பூட்டுகளையெல்லாம் திறந்த முறை அது. நானும் எண்ணினேன். முடிச்சு: ஒன்பது. மற்றவை: இல்லை. பாக்தாத் அறிஞர் இருந்திருந்தால் என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

மிச்சமிருந்தது கிரேக்கத் தீப்பந்த முறை. எழுத்துகளைக் கட்டங்களில் அடுக்கி, வரிசைக்கு இத்தனை பந்தம், கட்டத்துக்கு இத்தனை பந்தம் என்று மலைமேல் காட்டுவார்கள். அவர்களுக்கு இருபத்து நான்கே எழுத்து, சின்னக் கட்டம் போதும். நமக்கு இருநூற்று நாற்பத்தேழு. எங்கள் தமிழ்ப் பாட்டன் எவனாவது பந்தம் பிடித்திருந்தால் தோள்பட்டை இறங்கியிருக்கும். பிலோமினா தையல் அளவு வரையும் தாளை வாங்கி மெய்யெழுத்தை வரிசையாகவும் உயிரெழுத்தைக் கட்டமாகவும் போட்டேன். மூன்றாவது வரிசை ச, மூன்றாவது கட்டம் இ. ஆக முதல் இரண்டு மூன்றுக்கும் 'சி'. கடைசி மூன்று துணையில்லாமல் நின்றது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலம் டீ கொண்டுவந்த பிலோமினாவிடம், "முதல் எழுத்து கிடைத்துவிட்டது. 'சி'யில் தொடங்குகிறது" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் டம்ளரை வைத்துவிட்டு, "சீன்னு துப்புதானா?" என்றார். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அங்கிள்!" என்றாள் ஷைனி. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. நியாயமான குறைவு.

அன்றிரவு அந்த வீட்டில் சாப்பிட எனக்கு முகமில்லை. தெருமுனைக் கடையில் எண்ணெயில் பொரித்த பரோட்டா தின்றேன். குற்றவுணர்ச்சிக்கும் அந்தப் பரோட்டாவுக்கும் ஒருவிதப் பொருத்தம் இருக்கிறது, இரண்டுமே நெஞ்சில் நிற்கும். நாலாவதைக் கேட்டபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சங்கேதம் உடைத்தவர்களுக்கு எல்லாக் காலத்திலும் கடைசி வழி ஒன்று உண்டு. எழுதிய ஆளையே பிடித்து விசாரிப்பது. அரசர்கள் அதற்குச் சவுக்கு வைத்திருந்தார்கள். நான் அரைக்கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, வீட்டில் சொல்லாமல், கயிற்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கித்தேரியான் அண்ணாச்சியின் ஆட்டோவில் வேம்பாருக்குக் கிளம்பினேன். இந்தத் தடவை கவனமாக வலது பக்கம் உட்கார்ந்தேன். ஆனால் விஷயம் ரகசியம். ஆக, கேட்கிற காது இருந்தும் சொல்ல முடியாத நிலை. காதைப் பற்றியே கேட்டேன்.

"சங்கு குளிச்சேன்லா சார். கீழ போகப்போக காது அடைக்கும். ஒருநா சவ்வு பட்டுன்னு உடைஞ்சுட்டு. அதோட கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஆட்டோவுக்கு வந்துட்டேன். இதுல முழுவுறதுக்கு ஒண்ணுமில்ல பாருங்க."

கடற்கரைச் சாலையில் ஒருபக்கம் உப்பளம், மறுபக்கம் உடைமரமும் பனையும். உப்பைக் கூம்பு கூம்பாகக் குவித்து, ஓலை போட்டு மூடிவைத்திருந்தார்கள். பாதி வழியில் ஆட்டோ இருமியது. பிறகு பெருமூச்சு விட்டது. பிறகு அதுவும் இல்லை.

"நிழலுக்கு வாங்க சார்" என்று ஒரு டீக்கடை ஓலைக்குக் கீழே என்னை உட்காரவைத்துவிட்டு அண்ணாச்சி எஞ்சினோடு மல்லுக்கட்டினார். அரைமணி கழித்துத் தூத்துக்குடிப் பக்கம் போகிற உப்பு லாரி ஒன்று நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன பெரியவரே, படுத்துட்டா? கயிறு இருந்தா கட்டுங்க, இழுத்துட்டுப் போறேன்."

"என் கயித்த மருமவன் எடுத்துட்டுப் போயிட்டாம்பா. உங்கிட்ட இருக்கா?"

"தார்ப்பாய் கட்டுனது போக மிச்சமில்ல."

லாரி கிளம்ப உறுமியது. அந்த வெயிலில் இன்னும் ஒரு மணிநேரம் என்று நினைத்ததும் என் சத்தியமெல்லாம் உருகிவிட்டது. சங்கேத வரலாற்றில் எந்தத் தூதனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். பையைத் திறந்து ஆவணத்தை எடுத்து நீட்டினேன். "இது உதவுமா பாருங்கள்."

அண்ணாச்சி வாங்கி, ஒரு முனையைப் பிடித்துக் கையால் உருவிக்கொண்டே வந்தார். முதல் மூன்று முடிச்சில் கை மெதுவானது. அடுத்த மூன்றில் நின்றது. கடைசி மூன்றைத் தொட்டதும் என்னைப் பார்த்தார்.

"யாரைத் தூக்கணும் சார்?"

எனக்குப் புரியவில்லை.

"இது முழுவுறவன் கயிறுலா? யாரு கீழ கிடக்கா?"

லாரிக்காரரிடம் கொஞ்சம் பொறு என்று கைகாட்டிவிட்டு, கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "கண்ண மூடுங்க." மூடினேன். எதிர்முனையிலிருந்து வெடுக்கென்று ஒரு இழுப்பு வந்தது.

"ஒண்ணு. பை நிறைஞ்சுட்டு."

வெடுக், வெடுக். "ரெண்டு. கயிறு பத்தல, விடு. இதெல்லாம் சோடிக்குச் சோடி மாறும் சார். எங்களுக்கு ஒண்ணு, அவனுவளுக்கு ஒண்ணு. மாறாதது ஒண்ணே ஒண்ணுதான்."

மூன்று இழுப்பு வந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி மூன்று. மறுபடி மூன்று. கண்ணை மூடியிருந்ததால் அது உள்ளங்கையிலிருந்து நேராக நெஞ்சுக்கு ஏறியது.

"மூணுன்னா ஆளத் தூக்கு. நிக்காம மூணு மூணா வந்துச்சுன்னா மூச்சு முடிஞ்சுபோச்சு, இனிமே தாங்காது, உடனே தூக்குன்னு அர்த்தம். அது கைக்கு வந்ததும் மேல இருக்கவன் ஒரே ஒரு இழுப்பு குடுக்கணும். கேட்டுட்டு, பயப்படாத, இந்தா தூக்குதேன்னு. அந்த ஒரு இழுப்பு வந்துட்டாப் போதும் சார், கீழ உள்ளவனுக்குப் பாதி உசிரு திரும்பிரும்."

இரண்டு நாளாக நான் கண்ணால் வெறித்துப் பார்த்ததைக் கையால் படிக்கவேண்டியிருந்தது. இந்தக் கடற்கரையில் சங்கு குளித்த யாரிடம் காட்டியிருந்தாலும் ஒரு நிமிடத்தில் படித்திருப்பார்கள். படிக்கத் தெரிந்தவர்களிடமிருந்து மட்டும் கவனமாக மறைத்து, படிக்கத் தெரியாத ஒருவனைக் கடல் தாண்டி வரவழைத்திருக்கிறார்கள்.

இதற்குமேல் சத்தியமாவது ஒன்றாவது. அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலது காதைத் திருப்பிவைத்துக் கேட்டார். "வின்சென்ட்டுக்குக் கயிறு புடிச்ச சூசையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கயிற்றைக் கையில் வளையம் வளையமாகச் சுருட்டினார். "இத வச்சு வண்டி கட்ட மாட்டேன் சார். வண்டி இங்கனயே கிடக்கட்டும்."

ஆட்டோவை டீக்கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் உப்பு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியபோது நான் ஊறுகாய்க்குத் தயாரான மாங்காய் மாதிரி இருந்தேன். பிலோமினா இருவரையும் பார்த்தார், கித்தேரியான் கையில் இருந்த கயிற்றையும் பார்த்தார். ஊருக்குத் தெரிந்துவிட்டது என்ற அதிர்ச்சியில் வாயைத் திறந்தார்.

"திட்டுறத அப்புறம் திட்டு தாயி. மொதல்ல இதப் புடி" என்று அண்ணாச்சி ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார்.

நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வமான நிமிடம் அது. மூன்று மூன்றாக அந்த இழுப்புகள் பிலோமினாவின் கைக்குப் போயின. அர்த்தத்தை அண்ணாச்சி சொன்னார், பதில் எப்படிக் கொடுப்பது என்பதையும் சொன்னார். பிலோமினா ரொம்ப நேரம் அந்த முடிச்சுகளைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏளா ஷைனி, சோறு மிச்சம் இருக்கா?" என்றார்.

குழம்பு ஊற்றி, அள்ளி அள்ளித் தின்றார். ஆறு நாள் பசி. நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்து, "'சி'யாம்லா, 'சி'!" என்றார். ஷைனி சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாலாம் நாள் காலை பஸ்ஸில் வேம்பாருக்குப் போனோம். பிலோமினா, ஷைனி, அண்ணாச்சி, நான். சூசையின் வீடு உப்பளத்தை ஒட்டி ஒற்றை அறை, முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு ஒரு மெலிந்த உருவம் உள்ளே போனது. கித்தேரியான் அண்ணாச்சி வீட்டைச் சுற்றிப்போய்ப் பின்வாசல் படியில் அகலமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அந்த உடம்பைத் தாண்டி எவரும் எங்கும் போக முடியாது.

பிலோமினா முன்வாசலில் நின்றார். கூப்பிடவில்லை. கயிற்றின் ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, மறுமுனையை இருட்டான அறைக்குள் வீசினார். அது சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது. மூன்று முடிச்சுக்கு வேறு அர்த்தம் இருந்துவிட்டால்? எனக்கு ஏற்கெனவே ஒரு 'சி' அனுபவம் இருக்கிறது.

கயிறு அசைந்தது. தரையிலிருந்து எழும்பி, மெதுவாக விறைத்தது. உள்ளே ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

பிலோமினா ஒரே ஒரு இழுப்பு கொடுத்தார்.

உள்ளேயிருந்து, சின்னப் பையன் அழுவதுபோல ஒரு சத்தம் வந்தது. "அன்னைக்கு வரவே இல்லக்கா. இதே கயிறுதான். கையிலேயே வச்சுக்கிட்டு இருந்தேன். மூணு வரவே இல்ல. வந்திருந்தா தூக்காம இருந்திருப்பனா?"

"தெரியும்லே. எனக்குத் தெரியாதா? அவரால குடுக்க முடியல, அதான் வரல. இப்ப நீ குடுத்திருக்க, எனக்குக் கேட்டுட்டு. ஏந்திரி."

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் இழுக்கத் தொடங்கினார். கயிறு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். வரவில்லை. ஷைனியும் சேர்ந்து பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். கயிறு வந்தது. கூடவே என் கால்களும் வந்தன. அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்க்க வந்து, அதன்மேல் ஏறி நின்றவன் நான்தான்.

மல்லாந்து விழுந்தேன். மக்ரூன் பொட்டலம் பறந்து வாசலெல்லாம் சிதறியது. பின்மண்டை கல்லில் இடித்து, கிரேக்கம், பாக்தாத் எல்லாம் ஒரு நொடி கண்ணில் தெரிந்து மறைந்தன. கண்ணைத் திறந்தபோது உப்பு பூத்த இரண்டு கைகள் என் கக்கத்துக்கடியில் நுழைந்து என்னைத் தூக்கிக்கொண்டிருந்தன. பழகிய கைகள். ஒரு மனிதனை எப்படித் தூக்கவேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

"அடி பட்டுட்டா சார்?" என்றார் சூசை. கண்ணீர் இன்னும் காயவில்லை. என்னை நிற்கவைத்து, சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அக்காள் ஒரு முழ தூரத்தில்.

"யாருக்கா இது?"

"கயிறு படிக்க வந்த வாத்தியாரு" என்றார் பிலோமினா. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தூக்கியாச்சுல்லா? கைய விடாத, அப்படியே நட. பத்தரை பஸ்ஸ விட்டா அப்புறம் மதியம்தான்."